காவல் கொட்டிலில ரெண்டு பேர்: போக்கர்ல எப்ப வெருட்டுறது, எவ்வளவு வெருட்டுறது

தை மாசம் எங்கட பக்கம் காலபோக நெல்லு முத்தி நிக்கிற நேரம், இரவில காவல் இல்லாட்டி பண்டி வந்து ஒரு பக்கத்தால உழக்கிப்போடும், காட்டுக்கரை வயலெண்டா யானையும் வரும், அதால கொட்டிலில ரெண்டு பேர் விடிய விடிய முழிச்சிருக்க வேணும். நாலு பேர் இருந்தா 304 எண்ட காட்ஸ் விளையாட்டு அடிக்கலாம், ரெண்டு பேருக்கு அது ருசிக்காது. அப்பிடித்தான் நானும் அக்காவின்ர மகனும் போக்கர் பழகினது, டெக்ஸஸ் ஹோல்டம், ரெண்டு பேர் மட்டும் மோதுற ஹெட்ஸ் அப். காசு இல்ல, புளியங்கொட்டை. ஆளுக்கு 200 கொட்டை, பழைய பால்மா ரின்னில போட்டு வைச்சிருக்கிறம். காசு வைச்சு விளையாடுறதைப் பற்றி நான் இதில எழுதேல்ல, அறுவடைக் காசு வர முதலே உரக்கடனுக்கும் உழவுக்கும் கணக்கு எழுதியாச்சு, அதில கை வைக்கிற விளையாட்டு எங்களுக்குத் தேவையில்ல. கொட்டையோட விளையாடினாலும் மூளைக்கு வேலை அதேயளவுதான்.

விளையாட்டு விதி தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் இது, கையில ரெண்டு, மேசையில அஞ்சு, ஃப்ளொப்புக்கு மூண்டு, டேர்ன் ஒண்டு, ரிவர் ஒண்டு. பிளஃப் எண்டு சொல்லுறதை நாங்கள் வெருட்டு எண்டு சொல்லுவம், கையில ஒண்டும் இல்லாமல் கொட்டையைத் தள்ளி மற்றவனை ஃபோல்ட் பண்ண, அதாவது கையை எறிஞ்சிட்டுப் போக வைக்கிறது. பழகிற ஆக்கள் கனபேர் வெருட்டை நெஞ்சுத் துணிவு எண்டு நினைக்கினம், முகத்தை இறுக்கி வைச்சிருக்கிறது, கண்ணை வெட்டாமல் பாக்கிறது. நானும் முதல் ரெண்டு வருசம் அப்பிடித்தான் நினைச்சன். அது கணக்கு. எவ்வளவு போடுறாய், அதில எத்தினைதரம் அவன் விட்டிட்டுப் போக வேணும், அவன் உண்மையில எத்தினைதரம் போறான், இந்த மூண்டையும் பாக்கத் தெரிஞ்சா முகம் எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல.

முதல் விளங்கவேண்டியது, ரெண்டு பேர் விளையாடேக்க நல்ல கை வருமெண்டு காத்திருக்க ஏலாது. ஒன்பது பேர் இருக்கிற மேசையில பிளைன்ட், அதாவது காட் பாக்க முதலே கட்டாயம் போடுற கொட்டை, எப்பவாவது ஒருக்காத்தான் உங்களிட்ட வரும், ஹெட்ஸ் அப்ல ஒவ்வொரு கைக்கும் ரெண்டு பேரும் பிளைன்ட் போட வேணும், சும்மா இருந்தாலே ரின் காலியாகும். இன்னொண்டு, சோடி இல்லாத ரெண்டு காட்ஸோட ஃப்ளொப் பாத்தா சோடியோ அதைவிட நல்லதோ கிடைக்கிறது கிட்டத்தட்ட 3ல ஒருக்காத்தான். அப்ப ரெண்டு பேருக்கும் சோடி இல்லாத கை எண்டா, பாதிக்குக் கிட்டத் தரம் ரெண்டு பேரிட்டயும் ஒண்டும் இல்லாமல் ஃப்ளொப்பைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். அந்தப் பொட், அதாவது நடுவில சேர்ந்து கிடக்கிற கொட்டை, ஆருக்குப் போகுமெண்டா, முதல்ல நம்பும்படியா கொட்டை வைக்கிறவனுக்கு. 304 அடிச்சுப் பழகின ஆக்களுக்கு இது கஷ்டம், அங்க ஜாக்கும் ஒன்பதும் கையில இருந்தாத்தான் துணிஞ்சு கேள்வி கேக்கிற பழக்கம், 30ம் 20மா புள்ளி அதுகளிலதான் கிடக்குது. இங்க அந்தப் பழக்கத்தை கொட்டிலுக்கு வெளியில விட்டிட்டு வர வேணும்.

இருக்கிற இடமும் முக்கியம். ஹெட்ஸ் அப்ல டீலர்தான் சின்ன பிளைன்ட் போடுறது, ஃப்ளொப்புக்கு முதல் அவர்தான் முதல் பேசுறது, ஃப்ளொப்புக்குப் பிறகு எப்பவும் கடைசியாப் பேசுவார். கடைசியாப் பேசுறவன் மற்றவன் செக் பண்ணினதை, அதாவது ஒண்டும் வைக்காமல் விட்டதைப் பாத்திட்டு முடிவெடுக்கிறான், அதால உங்கட வெருட்டில பெரிய பங்கை டீலரா இருக்கேக்கதான் செய்ய வேணும். இருட்டில முதல்ல ரோச் அடிக்கிறவன்தான் தான் நிக்கிற இடத்தைக் காட்டிக் குடுக்கிறான் எண்டு மருமோனுக்கு இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தன்.

இனி விலை. பொட்டில 20 கொட்டை கிடக்குது எண்டு வையுங்கோ. நீங்கள் 10 கொட்டை வைச்சு வெருட்டுறியள். அவன் போனா 20 கிடைக்கும், கோல் பண்ணினா, அதாவது அதேயளவு வைச்சுப் பிடிச்சா, 10 போகும். அப்ப 3ல ஒருக்கா அவன் போனாலே நட்டமில்ல. 20 வைச்சா 2ல ஒருக்கா போகவேணும். 40 வைச்சா, அதாவது பொட்டைப்போல ரெண்டு மடங்கு, 3ல ரெண்டுதரம் போகவேணும். 21 கொட்டைப் பொட்டில 7 வைச்சா 4ல ஒருக்கா காணும். கணக்கு ஒண்டுதான், நீங்கள் வைக்கிறதை, வைக்கிறதும் பொட்டும் சேர்ந்த தொகையால பிரியுங்கோ.

இதைக் கையால செய்து பாத்தாத்தான் மனசில நிக்கும். நான் மருமோனுக்கு 30 தீக்குச்சி அடுக்கிக் காட்டினன். 20 கொட்டைப் பொட்டில 10 வைச்சு 30 தரம் வெருட்டுறாய், அவன் 12 தரம் போறான், 18 தரம் பிடிக்கிறான். 12 தரம் 20 எண்டா 240 வருது, 18 தரம் 10 எண்டா 180 போகுது, 60 கொட்டை லாபம். பாரன், 30ல 18 தரம் பிடிபட்டிருக்கிறாய், பாதிக்கு மேல, அப்பவும் லாபம். பிடிபட்டதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைச்சிருக்கிறது, ஏனெண்டா அப்ப மற்றவன் சிரிப்பான், காட்ஸைத் திருப்பிக் காட்டவேணும், வெக்கமா இருக்கும். அவன் பேசாமல் போன 12 தரத்தில ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்ல. பிடிபடுற வெக்கத்தைக் கணக்கில சேர்க்காதேங்கோ, அது கொட்டை இல்ல. அதே 30ல 10 தரம்தான் போறானெண்டா வந்ததும் போனதும் 200க்கு 200, 8 தரம்தான் போறானெண்டா 60 கொட்டை நட்டம். பத்துக்கும் எட்டுக்கும் இடையிலதான் எல்லாம் கிடக்குது, அதால அவன் எத்தினைதரம் போறான் எண்டதை ஊகிக்காமல் எண்ணவேணும். எண்ணுற விதத்தைக் கீழ சொல்லுறன்.

அதுக்கு முதல் எவ்வளவு வெருட்டுறது எண்ட கேள்வி. இதுக்கு மூண்டே மூண்டு காட்ஸ் காணும், ராசா, ராணி, ஜாக். ஹரோல்ட் கூன் எண்ட கணிதக்காரர் 1950ல எழுதின சின்ன விளையாட்டு இது, அவற்ற பேரிலயே கூன் போக்கர் எண்டு சொல்லுவினம். ஆளுக்கு ஒரு கொட்டை பொட்டில, ஆளுக்கு ஒரு காட். முதல் ஆள் செக் பண்ணலாம் இல்லாட்டி ஒரு கொட்டை வைக்கலாம். வைச்சா மற்றவர் கோல் இல்லாட்டி ஃபோல்ட். முதல் ஆள் செக் பண்ணினா ரெண்டாம் ஆள் தானும் செக் பண்ணலாம், அப்ப காட்டிறது, இல்லாட்டி ஒரு கொட்டை வைக்கலாம், அப்ப முதல் ஆள் கோல் இல்லாட்டி ஃபோல்ட். பெரிய காட் வெல்லும். அவ்வளவுதான் விளையாட்டு, ஆனா வெருட்டின்ர முழு ரகசியமும் இதுக்குள்ள இருக்குது.

நீங்கள் ரெண்டாம் ஆள், முதல் ஆள் செக் பண்ணிட்டார் எண்டு வையுங்கோ. உங்களிட்ட ராசா எண்டா எப்பவும் வைக்கவேணும், தோக்க வழியில்ல. ராணி எண்டா செக், ஏனெண்டா ஜாக் வைச்சிருக்கிறவன் போயிடுவான், ராசா வைச்சிருக்கிறவன் பிடிப்பான், வைச்சு ஒரு பிரயோசனமும் இல்ல. ஜாக் எண்டா? காட்டினா கட்டாயம் தோல்வி, வெருட்டினாத்தான் வெல்ல ஒரு வழி. இப்ப மற்றவர் ராணியோட இருக்கிறார் எண்டு யோசியுங்கோ, அவருக்குத் தெரியும் உங்களிட்ட ராசா இல்லாட்டி ஜாக். நீங்கள் ஜாக்கில ஒருக்காலும் வெருட்டாட்டி அவர் ராணியை ஒவ்வொருதரமும் எறிஞ்சிடுவார், உங்கட ராசாவுக்கு ஒரு கொட்டையும் கூடக் கிடைக்காது. ஜாக் வரேக்கயெல்லாம் வெருட்டினா அவர் எப்பவும் பிடிப்பார், உங்கட கொட்டை கரையும். நடுவில ஒரு இடம் இருக்குது, ஜாக் வந்தா 3ல ஒருக்கா வெருட்டுறது. அப்ப நீங்கள் வைக்கிற 4 தரத்தில 3 தரம் ராசா, ஒருதரம் ஜாக். அவர் 1 கொட்டை போட்டா 3 கிடைக்கிற விலை, 4ல ஒருதரம் சரிவந்தா அவருக்குச் சரிக்குச் சரி, அதால பிடிச்சாலும் விட்டாலும் அவருக்கு ஒண்டுதான். அவர் எதைச் செய்தாலும் உங்களை அடிக்க ஏலாது. உங்களுக்கும் அதே மாதிரி, ராணியோட நிக்கேக்க அவர் முதல்ல வைச்சா 3ல ஒருக்காத்தான் பிடிக்கவேணும். ரெண்டு பேரும் பிழை விடாமல் விளையாடினா முதல் பேசுறவர் 18 கைக்கு ஒரு கொட்டை வீதம் இழப்பார், கடைசியாப் பேசுறதின்ர பெறுமதி இதிலயே தெரியுது.

3ல ஒருக்கா எண்டதை எப்பிடிச் செய்யிறது எண்டு கேப்பியள். மனசால செய்யாதேங்கோ, மனசு எப்பவும் போனதரம் என்ன நடந்தது எண்டதைப் பாத்து முடிவெடுக்கும், போனதரம் பிடிபட்டா இந்தமுறை பயப்படும், அதை எதிரில இருக்கிறவன் ரெண்டு இரவில கண்டுபிடிச்சிடுவான். மணிக்கூட்டில செக்கன் முள்ளைப் பாருங்கோ, 20க்குள்ள நிண்டா வெருட்டு, இல்லாட்டி செக். நான் கையில கட்டுற பழைய மணிக்கூட்டை அதுக்காகவே கொட்டிலுக்குக் கொண்டுபோறனான்.

ஹோல்டம்ல ரிவருக்கு வந்திட்டியள் எண்டா இதே கணக்குத்தான், தொகைதான் மாறும். பொட்டின்ர பாதி வைக்கிறியள் எண்டா 3 நல்ல கைக்கு 1 வெருட்டு. பொட் அளவு வைச்சா 2க்கு 1. ரெண்டு மடங்கு வைச்சா 3க்கு 2. மூண்டில ஒரு பங்கு வைச்சா 4க்கு 1. ஆக்கள் நினைக்கிறதுக்கு இது மாறி நிக்குது எண்டதைக் கவனியுங்கோ. சின்னத் தொகையில கூட வெருட்டலாம், பெரிய தொகையெண்டா நல்ல கை கட்டாயம் வேணுமெண்டு எல்லாரும் நினைக்கிறது, ரிவர்ல அது தலைகீழ். தொகை பெருக்கப் பெருக்க அவன் பிடிக்கிறதுக்குப் பெரிய விலை குடுக்கிறான், அதால உங்கட கைகளில கூடப் பங்கு வெறுங்கையா இருக்கலாம். 2017 தை மாசம் அமெரிக்காவில கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் செய்த லிப்ராட்டஸ் எண்ட கம்பியூட்டர் புரோகிராம் நாலு தொழில்முறை ஆட்டக்காரரோட 20 நாள், 1,20,000 கை ஹெட்ஸ் அப் விளையாடி 17 லட்சம் டொலருக்கு மேல பெறுமதியான சிப்ஸால வெண்டது, பொட்டை விடப் பெரிய தொகை வைச்சு வெருட்டுறதை அது கூசாமல் செய்தது. அதுக்கு முகமும் இல்ல நெஞ்சும் இல்ல. நான் மேல சொன்னதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு உதாரணம் முழுசாப் பாப்பம். மேசையில ஆடுத்தன் ராசா, ஆடுத்தன் 8, கிளாவர் 5, பிறகு டைமன் 2, கடைசியா இஸ்கோப்பன் ஜாக், ஆடுத்தன் எண்டா ஹார்ட், இஸ்கோப்பன் எண்டா ஸ்பேட். நீங்கள் முதல்ல இருந்து வைச்சுக்கொண்டு வாறியள், ரிவர்ல பொட் அளவு வைக்கப்போறியள். விளங்க இலகுவா, நீங்கள் பெறுமதிக்கு, அதாவது அவன் பிடிக்கவேணுமெண்டு, வைக்கிற நல்ல கை ஏஸ் ராசா மட்டும்தான் எண்டு எடுப்பம். ஏஸ் நாலு, மிச்சம் இருக்கிற ராசா மூண்டு, 12 விதம். பொட் அளவுக்கு 2க்கு 1, அப்ப வெருட்டுக்கு 6 விதம் காணும். எதை எடுக்கிறது? வெருட்டுக்கு 7-6 பொருத்தமான கை, ஃப்ளொப்பில 5-6-7-8 எண்டு வரிசை பாத்துக்கொண்டு நிண்டது, 4ம் வரேல்ல 9ம் வரேல்ல, இப்ப காட்டினா ஒருத்தரையும் வெல்லாது. 7-6 மொத்தம் 16 விதம், அதில ஆடுத்தன் ஒண்டும் இல்லாதது 9, அதிலயும் ரெண்டும் வேற வேற இனமா வாறது சரியா 6. அந்த ஆறையும் வெருட்டுங்கோ, மிச்சத்தை விடுங்கோ. ஆடுத்தனை ஏன் தள்ளுறம் எண்டா, ஃப்ளொப்பில ரெண்டு ஆடுத்தன் கிடந்தது, அவனும் ஆடுத்தன் சேருமெண்டு வந்து தவறவிட்டிருக்கலாம், அப்பிடித் தவறவிட்ட கைதான் ஃபோல்ட் பண்ணும். உங்கட கையில ஆடுத்தன் இருந்தா அவனிட்ட அது இருக்கிற சந்தர்ப்பம் குறையுது, போகக்கூடிய கையை நீங்களே பிடிச்சு வைச்சிருக்கிறியள்.

மேசையில ஒரே இனம் மூண்டு ஏற்கனவே சேர்ந்திட்டுது எண்டா கதை மாறும். 2003ல லாஸ் வேகாஸ்ல உலகப் போக்கர் தொடரின்ர பெரிய போட்டி, 839 பேர் ஆளுக்கு 10,000 டொலர் போட்டி, கடைசியில மிஞ்சினது ரெண்டு பேர், சாமி ஃபார்ஹா எண்ட பழுத்த ஆட்டக்காரரும், கிறிஸ் மணிமேக்கர் எண்ட கணக்காளரும். மணிமேக்கரிட்ட இஸ்கோப்பன் ராசாவும் ஆடுத்தன் 7ம். மேசையில இஸ்கோப்பன் 9, டைமன் 2, இஸ்கோப்பன் 6, பிறகு இஸ்கோப்பன் 8, கடைசியா ஆடுத்தன் 3. ஒரு இஸ்கோப்பன் வந்தாலும் சரி, 5 அல்லது 10 வந்தாலும் சரி அவருக்குப் பெரிய கை, ஒண்டும் வரேல்ல. ஓல் இன், அதாவது தன்னட்ட இருந்த சிப்ஸ் முழுக்கப் போட்டார். ஃபார்ஹாவிட்ட ராணியும் 9ம், மேசையில இருந்ததில பெரிய சோடி, யோசிச்சு யோசிச்சு எறிஞ்சிட்டார். ஆக்கள் அதைத் துணிச்சல் எண்டு கதைக்கினம், எனக்கு அதில தெரியிறது வேற. மூண்டு இஸ்கோப்பன் மேசையில, ராசா மணிமேக்கரிட்ட, அப்ப ராசாவோட சேர்ந்த ஃப்ளஷ், அதாவது ஒரே இனம் அஞ்சு, ஃபார்ஹாவிட்ட இருக்கவே ஏலாது. 7 கையில இருக்கிறதால 6-7-8-9 வரிசையை முடிக்கிற 10-7, 7-5 கைகளும் குறையுது. பிடிக்கக்கூடிய பெரிய கைகளை அடைச்சுக்கொண்டு நிண்டவர், காட்டினா வெல்லாத கை, டேர்ன்ல இருந்தே பெரிய கை எண்டு சொல்லிக்கொண்டு வந்த கதை, மூண்டும் ஒண்டா வந்த இடம் அது.

அந்தக் கதையைத்தான் எங்கட பெடியள் மறக்கிறவங்கள். ஃப்ளொப்பில செக், டேர்ன்ல செக், ரிவர்ல ஒண்டுக்கும் உதவாத 2 விழ திடீரெண்டு 60 கொட்டையைத் தள்ளினா ஆர் நம்புவான்? வெருட்ட முதல் உங்களை நீங்களே கேளுங்கோ, இப்ப என்னட்ட உண்மையா நல்ல கை இருந்திருந்தா முதல்ல இருந்து இப்பிடித்தான் விளையாடியிருப்பனோ எண்டு. இல்லையெண்டா விடுங்கோ. கிளிக்கு எண்டு நட்ட வெருளி ரெண்டு கிழமை ஒரே இடத்தில அசையாமல் நிண்டா கிளி அதின்ர தோளிலயே இருந்து கதிர் தின்னும், ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரே மாதிரி ஒரே தொகை தள்ளுறவனுக்கும் அதுதான் நடக்கும். நல்ல கைக்கு என்ன தொகையோ வெறுங்கைக்கும் அதே தொகை, அதே வேகம், அதே கை அசைவு. மருமோன் நல்ல கை வந்தா கொட்டையை எண்ணி அடுக்கி வைப்பான், வெருட்டெண்டா அள்ளிப்போடுவான், அதைச் சொல்லித் திருத்த எனக்கு ஒரு போகம் எடுத்தது.

ஃப்ளொப்பிலயும் டேர்ன்லயும் இந்த 2க்கு 1, 3க்கு 1 கணக்கை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்ல, கூட வெருட்டலாம், ஏனெண்டா இன்னும் காட் வர இருக்குது. அங்க வெருட்டுறதுக்கு நல்ல கை முழுசா வெறுங்கை இல்ல, வளரக்கூடிய கை. ஒரே இனம் நாலு சேர்ந்து அஞ்சாவதுக்கு நிக்கிறியள் எண்டா ஃப்ளொப்பில இருந்து ரிவர் வரைக்கும் 35 சதவீதம் வரும், ரெண்டு பக்கமும் திறந்த வரிசையெண்டா 31 சதவீதத்துக்கு மேல. அவன் இப்ப போனாலும் வெற்றி, போகாட்டிப் பிறகும் வெல்லலாம். ஃப்ளொப்பில ராசா, 7, 2 மாதிரி வேற வேற இனமா, ஒருத்தருக்கும் வரிசை சேராத மேசை விழுந்து, முதல்ல ரெய்ஸ் பண்ணினது, அதாவது தொகையைக் கூட்டினது, நீங்கள் எண்டா பொட்டில மூண்டில ஒரு பங்கை அடிக்கடி வையுங்கோ, 4ல ஒருக்கா அவன் போனாலே காணும், அந்த மேசையில அதைவிடக் கூடத்தரம் போவான்.

ஃப்ளொப்புக்கு முதல் வாறதைக் கெதியாச் சொல்லுறன். பிளைன்ட் 1ம் 2ம் எண்டா டீலரா இருந்து 4க்கு ரெய்ஸ் பண்ணினா நீங்கள் கூடப் போடுறது 3, அங்க கிடக்கிறது 3, பாதித்தரம் அவன் போனாச் சரிக்குச் சரி, போகாட்டியும் பிறகு கடைசியாப் பேசுற இடம் உங்களுக்கு, அதால டீலரா இருக்கேக்க கையில பெரும்பாலானதை ரெய்ஸ் பண்ணலாம். மற்றவன் ரெய்ஸ் பண்ணினதுக்கு மேல திருப்பி ரெய்ஸ் பண்ணி வெருட்டுறது எண்டா ஏஸ் 5 ஒரே இனம் மாதிரிக் கை எடுங்கோ. ஒரு ஏஸ் உங்களிட்ட இருந்தா அவனிட்ட ஏஸ் சோடி இருக்கிற விதம் 6ல இருந்து 3 ஆகுது, ஏஸ் ராசா 16ல இருந்து 12 ஆகுது.

இனி ஆரை வெருட்டுறது. நான் இதைக் கொட்டை குடுத்துப் படிச்சனான். போன வருசம் சித்தப்பா ஒருத்தர் மூண்டு இரவு எங்களோட காவலுக்கு வந்தவர், நல்ல மனிசன், 304ல கெட்டிக்காரர், போக்கர்ல அவருக்கு ஒரே ஒரு வழிதான், "காட்டு பாப்பம்". மூண்டாம் நம்பர் சோடி இருந்தாலும் பிடிப்பார், ஏஸ் மட்டும் இருந்தாலும் பிடிப்பார். நான் புதுசாப் படிச்ச கணக்கெல்லாத்தையும் அவரில பரீட்சிச்சன், ஒரு இரவில மூண்டு பெரிய வெருட்டு, மூண்டும் கணக்கின்படி வடிவான இடம், மூண்டையும் பிடிச்சார், விடிய என்ர ரின்னில 11 கொட்டை. எனக்குக் கவலையா இருந்தது கொட்டைக்கு இல்ல, அவர் போகமாட்டார் எண்டு முதல் இரவே என்ர கண்ணால கண்டும் நான் பாக்காமல் விட்டதுக்கு. மேல சொன்ன 2க்கு 1, 3க்கு 1 எல்லாம் உங்களை அடிக்கத் தெரிஞ்சவனுக்கு எதிரா உங்களைக் காப்பாத்துற கணக்கு. பிழை விடுறவனுக்கு எதிரா அந்தப் பிழையைப் பாத்து விலகவேணும். போகாதவனை ரிவர்ல ஒருக்காலும் வெருட்டாதேங்கோ, சுழியம், அதுக்குப் பதிலா நல்ல கை வரேக்க பெரிசா வையுங்கோ, அவர் அதையும் பிடிப்பார். அடிக்கடி போறவனெண்டா சின்னத் தொகையா அடிக்கடி வெருட்டுங்கோ, பெரிசாப் போட்டு அவனைப் பழக்காதேங்கோ.

எண்ணுற விதம் இதுதான். பக்கத்தில ரெண்டு சிரட்டை வையுங்கோ. ரிவர்ல நீங்கள் பொட்டின்ர பாதிக்குக் குறையாமல் வைச்சு அவன் போனா ஒரு சிரட்டையில ஒரு கொட்டை, பிடிச்சா மற்றச் சிரட்டையில. நல்ல கையா வெறுங்கையா எண்டு பாக்காதேங்கோ, அவனுக்கு அது தெரியாதுதானே, அவன் தொகையைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறான். பத்துப் பன்னிரண்டு கொட்டையை வைச்சு முடிவுக்கு வரவேண்டாம், 30 தாண்டினா ஒரு சாயல் தெரியும். பிடிச்ச சிரட்டை நிறையுது எண்டா வெருட்டைக் குறை, போன சிரட்டை நிறையுது எண்டா கூட்டு. பெரிய வெருட்டு ஒண்டு பிடிபட்டு அவன் உங்கட வெறுங்கையைக் கண்டிட்டான் எண்டா அண்டைக்கு இரவு முழுக்க அவன் கூடப் பிடிப்பான், அந்த இரவை வேறயா எண்ணுங்கோ.

அவன்ர ரின்னில எவ்வளவு மிச்சம் எண்டதையும் பாருங்கோ. பொட்டில 40, அவனிட்ட மிச்சம் 15 எண்டா வெருட்டவேண்டாம். நீங்கள் 15 வைச்சா அவன் 15 போட்டு 55 பாக்கிறான், 5ல ஒருக்கா சரிவந்தாலே அவனுக்குக் கிட்டத்தட்டக் காணும், சோடி ஒண்டு இருந்தாலும் போகமாட்டான். வெருட்டுக்குப் பின்னால இன்னும் இழக்கக் கொட்டை இருக்கவேணும், இல்லாட்டி அவனுக்குப் பயப்பட என்ன இருக்குது. அதே மாதிரி, கையில நடு சோடி மாதிரி காட்டினா வெல்லக்கூடிய கை இருக்கேக்க அதை வெருட்டா மாத்தாதேங்கோ, செக் பண்ணிக் காட்டுங்கோ, நீங்கள் பெரிசா வைச்சா உங்களிட்டத் தோக்கிறவன் போவான், வெல்லுறவன் மட்டும் நிப்பான், கூன் விளையாட்டில ராணிக்கு நடந்ததுதான் அது.

தொடங்குற ஆக்கள் நேர ஹோல்டமுக்குப் போகவேண்டாம். முதல் ஒரு கிழமை அந்த மூண்டு காட்ஸோட விளையாடுங்கோ, ஒரு இரவுக்கு 36 கை, 18 கை நீங்கள் முதல் பேசுறது, 18 கை அவர். ஜாக் வந்து வெருட்டக்கூடிய இடம் எத்தினை, அதில வெருட்டினது எத்தினை எண்டு ஒரு கடதாசியில கோடு போடுங்கோ. நாங்கள் முதல் இரவு போடேக்க மருமோன் ஜாக் வந்த 7 தரத்தில 6 தரம் வெருட்டியிருந்தான், நான் ஒருதரமும் இல்ல. நாலாம் இரவு அவன் 2, நான் 3, இடையில ரெண்டுதரம் வாய்க்கால் கரையில பண்டி வந்து எழும்பிப் போகவேண்டி வந்தது, திரும்பி வந்து பிளேன்ரீயும் பனங்கட்டியுமா இருந்து விட்ட கையில இருந்து தொடங்கினம்.